சுழலும் கேமரா எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது?

சுழலும் கேமரா வாங்கப் போகிறவருக்குக் கடையில் காட்டப்படும் காட்சி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் கேமராவின் உருண்டைத் தலை சட்டென்று திரும்பும். தெருமுனையில் நிற்கும் வண்டியின் எண் பலகை திரை முழுக்க விரியும். இடவலமாகத் திரும்புவது, மேலும் கீழும் சாய்வது, தொலைவில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டுவது என்ற மூன்று வேலைகளையும் செய்வதால் இதற்கு பி.டி.இசட் கேமரா என்று பெயர். நாலு கேமரா மாட்ட வேண்டிய இடத்தில் இது ஒன்றே போதும் என்பார் விற்பவர். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும், கல்யாண மண்டபக்காரர்களும், கிடங்கு வைத்திருப்பவர்களும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். கடையில் காட்டியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஜாய்ஸ்டிக்கை ஒருவருடைய கை பிடித்திருந்தது, எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தும் இருந்தது. அந்த ஆள் கேமராவோடு சேர்ந்து வருவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் சுழலும் கேமரா அருமையான கருவி. ஆளில்லாத இடத்தில் அதைக் காவலுக்கு நிறுத்தினால், பெரும்பாலான நேரம் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கேமராவை எங்கே மாட்டுவது, ரெக்கார்டரோடு எப்படி இணைப்பது, யார் கையில் கொடுப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை வேறு விதமாக வரும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பரவலாகக் கிடைக்கும் 25 மடங்கு ஆப்டிகல் ஜூம் கேமராவின் லென்ஸ் 4.8 மில்லிமீட்டரில் தொடங்கி 120 மில்லிமீட்டர் வரை போகும். 1/2.8 அங்குல சென்சாரோடு சேரும்போது, ஜூம் இல்லாத நிலையில் அது சுமார் 60 பாகை அகலத்தைப் பார்க்கிறது. 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 115 மீட்டர் அகலமுள்ள காட்சி. படத்தின் அகலம் 1920 பிக்சல் என்றால் ஒரு மீட்டருக்கு 16 அல்லது 17 பிக்சல்தான் கிடைக்கும். கண்காணிப்பு கேமராக்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62676-4, அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்டுகொள்ளவே மீட்டருக்கு 25 பிக்சல் வேண்டும் என்கிறது. முன்பே தெரிந்த ஒருவரை இன்னார் என்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காட்ட 250. அப்படியானால் விரிந்த நிலையில் 100 மீட்டர் தொலைவில் இந்தக் கேமராவுக்கு ஆள் நடமாட்டமே சரியாகப் பிடிபடாது. முழு ஜூமில் மீட்டருக்கு 400 பிக்சல் கிடைக்கும். முகமும் தெரியும், எண் பலகையும் தெரியும். ஆனால் அப்போது அது பார்க்கும் அகலம் ஐந்து மீட்டருக்கும் குறைவு. கேமராவை நடுவில் வைத்து 100 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் சுற்றளவு 628 மீட்டர் வரும். அதில் 134இல் ஒரு பங்கைத்தான் அந்த நொடியில் கேமரா பார்க்கிறது. இருட்டுத் தோட்டத்தில் பிடித்த டார்ச் லைட் போல, வெளிச்சம் விழும் இடம் பட்டப்பகலாகத் தெரியும், மற்ற இடமெல்லாம் இருட்டாகவே இருக்கும்.

நேரலையில் பார்க்கும்போது இந்தக் குறை பெரிதாக உறைக்காது, ஏனென்றால் வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். உறைப்பது மறுநாள் காலையில்தான். அனலாக் கேமராவுக்கான டிவிஆர் ஆனாலும், நெட்வொர்க் கேமராவுக்கான என்விஆர் ஆனாலும், ரெக்கார்டர் எழுதி வைப்பது லென்ஸ் அப்போது எதைப் பார்த்ததோ அதை மட்டுமே. நேற்றிரவு இரண்டு மணிக்குக் கேமரா வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தவர் ஹார்ட் டிஸ்கில் எங்கும் இருக்க மாட்டார். அதே போல, விரிந்த நிலையில் பதிவான முகத்தைப் பிறகு ரெக்கார்டரில் பெரிதாக்கினாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பதிவு செய்த படத்தின் மேல் செய்யும் டிஜிட்டல் ஜூம் இல்லாத விவரத்தை உண்டாக்காது. நிலையாகப் பொருத்திய சாதாரண கேமரா அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாதது. ஆனால் அது பார்க்கும் இடத்தை எல்லா நேரமும் பார்க்கிறது. நடந்து முடிந்த ஒன்றைத் தேடுகிறவருக்கு வேண்டியது அந்தக் குணம்தான்.

இதற்கு விற்பனையாளர் தரப்பில் உடனே வரும் பதில் டூர். கேமராவில் பல இடங்களை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். இவற்றை ப்ரீசெட் என்பார்கள். ப்ரீசெட்டுகளை வரிசையாக ஓடவிட்டால் கேமரா தானாகவே ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு சுற்றும். எட்டு இடம், ஒவ்வொன்றிலும் 10 நொடி, இடம் மாற இரண்டு நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடிய 96 நொடி ஆகும். ஒவ்வோர் இடமும் 10 நொடி படத்தில் இருக்கும், அடுத்த 86 நொடி இருக்காது. பூட்டை உடைத்து ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு போக அந்த 86 நொடி தாராளம். கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கீழிருந்தே தெரிகிற வகையாக இருந்தால், நேரம் பார்த்துச் செய்வதும் எளிது. இதற்கு ஒரு மறைமுக விலையும் உண்டு. நாள் முழுக்கச் சுற்றும் கேமராவின் மோட்டாரும் பெல்ட்டும் உள்ளே மின்னிணைப்பைக் கடத்தும் சுழல் வளையமும் தேய்கின்றன. சும்மா நின்றிருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கக்கூடிய பொருளை, பாதி நேரம் காலியான சுவரைப் படம்பிடிக்க வைத்துத் தேய்த்து முடிக்கிறோம்.

ஆட்டோ டிராக்கிங் பற்றிய பதில் இதைவிடக் கனமானது. ஆளையோ வண்டியையோ மென்பொருளே இனம்கண்டு, கேமராவைத் திருப்பி, ஜூம் செய்து பின்தொடர வைக்கிறது. நல்ல வெளிச்சமுள்ள, நடமாட்டம் குறைந்த, சுற்றுச்சுவருக்குள் அடங்கிய வளாகத்தில் இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு இலக்கைத்தான் தொடரும். இருவர் வந்து ஆளுக்கொரு பக்கம் நடந்தால் ஒருவரை விட்டுத்தான் ஆக வேண்டும். தொடர்ந்துகொண்டிருக்கும்போது மற்ற இடமெல்லாம் பார்வைக்கு வெளியே போய்விடும். ஆட்கள் ஓயாமல் நடக்கும் கடைவீதியில் யாரைத் தொடர்வது என்று அதற்குத் தெரியாது. சில நிறுவனங்கள் அகலமாகப் பார்க்கும் நிலையான லென்ஸ்களையும் சுழலும் தலையையும் ஒரே கூட்டுக்குள் வைத்து விற்கத் தொடங்கியிருக்கின்றன. அது சரியான திசையில் வந்த முன்னேற்றம். முழு இடத்தையும் விடாமல் பார்க்கச் சுழலும் தலை ஒன்று மட்டும் போதாது என்பதை அந்த வடிவமைப்பே ஏற்றுக்கொள்கிறது.

கேமராவைக் கண்டாலே திருடன் பயப்படுவானே, அது எங்கே பார்த்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை; பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து எரிக் பிசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் முதலானோர் 2019இல் வெளியிட்ட கட்டுரை, கண்காணிப்பு கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: யாராவது உட்கார்ந்து நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்த அமைப்புகளில்தான் குறிப்பிடத்தக்க குறைவு இருந்தது, பதிவு மட்டும் செய்துவந்த அமைப்புகளில் அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவின் நுவார்க் நகரில் இதையே ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கேமரா அறையில் இருப்பவர்களுக்கென்றே ரோந்து வண்டிகளை ஒதுக்கி, அவர்கள் கண்டதும் வண்டி உடனே போகும்படி செய்து பார்த்த சோதனையில் வன்முறையும் பொது இடத் தொந்தரவுகளும் குறைந்தன. பிரிட்டனில் உள்துறை அமைச்சகத்துக்காக மார்ட்டின் கில், ஏஞ்சலா ஸ்ப்ரிக்ஸ் இருவரும் 2005இல் அளித்த அறிக்கை, பெரும்பாலான கேமராத் திட்டங்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று கண்டது. கட்டுப்பாட்டு அறை எப்படி நடத்தப்படுகிறது என்பதையும் அது ஆராய்ந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கேமராவைக் கண்டு வரும் பயம் சில இடங்களில் உதவுகிறது என்றும், அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையில் ஓர் ஆள் இருக்கும்போதுதான் அது நிலைக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இனி அமைப்பு. முழு இடத்தையும் நிலையான கேமராக்களால் மூடிவிட்டு, அவை காட்டுவதைக் கிட்டே போய்ப் பார்க்கச் சுழலும் கேமராவை வைப்பதுதான் சரியான வரிசை. இந்த இரண்டையும் ரெக்கார்டரே இணைத்துக்கொடுக்கும். நிலையான கேமராவின் படத்தில் சுவரோரம் ஒரு கோடு வரைந்து, அதை யாராவது தாண்டினால் சுழலும் கேமரா 3ஆம் ப்ரீசெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அமைக்கலாம். கிடங்குக் கதவில் பொருத்திய சென்சாரின் வயரை டிவிஆரின் அலாரம் முனையில் கொடுத்து, கதவு திறந்ததும் அந்தப் பக்கம் திரும்பும்படி செய்யலாம். பெரும்பாலான ரெக்கார்டர்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் சுழலும் கேமராவுக்குப் பயனுள்ள வேலை என்று ஒன்று உண்டானால் அது இதுதான்: பார்த்துக்கொண்டே இருக்கும் இன்னொரு கேமரா சொன்னதும் திரும்புவது.

இணைப்பதில் வரும் சிக்கல்கள் பழைய அனலாக் முறையிலும் புதிய ஐ.பி. முறையிலும் வேறு வேறு. அனலாக் கேமராவில் படம் கோஆக்சியல் கேபிளில் வரும். கட்டளை போவதற்குத் தனியாக ஆர்எஸ்-485 என்ற இரண்டு வயர் இணைப்பு. முறுக்கிய ஜோடி வயரில் 1200 மீட்டர் வரை இது எட்டும். ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும், ஒரே இடத்திலிருந்து பல கிளைகளாகப் பிரிக்கக் கூடாது, சங்கிலியின் முனையில் 120 ஓம் மின்தடை வேண்டும். டிவிஆரின் மெனுவில் மூன்று விவரங்கள் கேமராவில் உள்ளதோடு அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும்: எந்த புரோட்டோகால், என்ன பாட் ரேட், கேமராவின் முகவரி எண் என்ன. பாட் ரேட் வழக்கமாக 2400, 4800, 9600 இவற்றில் ஒன்று. முகவரியைக் கேமராவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன டிப் சுவிட்சுகளால் குறிப்பார்கள். பெல்கோ-டி என்ற புரோட்டோகாலில் ஒரு கட்டளை என்பது ஏழு பைட். அதில் முகவரியும், எந்தப் பக்கம் என்ன வேகத்தில் திரும்புவது என்பதும், சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகையும் அடங்கிவிடும். பெல்கோ-பி வகையில் முகவரி பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால், ஒன்றாம் கேமராவைத் திருப்பினால் இரண்டாம் கேமரா திரும்புவது போன்ற குழப்பம் வரும். இன்னொரு குணம் முக்கியமானது. திரும்பு என்ற கட்டளைக்குப் பிறகு நில் என்ற கட்டளை தனியாகப் போகிறது. வயரில் இரைச்சல் இருந்து அந்த இரண்டாவது கட்டளை வழியில் கெட்டுப்போனால், கையை எடுத்த பிறகும் கேமரா திரும்பிக்கொண்டே இருக்கும். மோட்டார் பழுது என்று நினைத்துக் கேமராவைக் கழற்றுவார்கள். கோளாறு வயரில் இருக்கும். இப்போதைய ஹெச்.டி. அனலாக் வகைகளில் கட்டளையும் கோஆக்சியல் கேபிள் வழியாகவே போய்விடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

ஐ.பி. கேமராவில் படம், கட்டளை, பல நேரங்களில் மின்சாரம் என மூன்றும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும். வெவ்வேறு நிறுவனத்துக் கேமராவும் என்விஆரும் பேசிக்கொள்ள ஆன்விஃப் என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கியது. பலர் புலம்பும் பிரச்சினை ஒன்று இங்கே வரும்: படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் கேமராவைத் திருப்ப முடியவில்லை. படத்தை ஆர்டிஎஸ்பி முகவரி மூலம் மட்டும் சேர்த்திருந்தால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் அது படத்தை மட்டும் கொண்டுவரும் பாதை. திருப்பும் கட்டளை ஆன்விஃப் வழியாகவோ அந்த நிறுவனத்தின் சொந்த வழியாகவோதான் போக வேண்டும். சில கேமராக்களில் ஆன்விஃபை இயக்கி வைத்து அதற்கென்று தனிப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டும். கேமராவின் கடிகாரமும் என்விஆரின் கடிகாரமும் அதிகம் விலகியிருந்தாலும் கடவுச்சொல் சரியாக இருந்தும் கேமரா மறுத்துவிடும், ஏனென்றால் அந்தச் சரிபார்ப்பில் நேரமும் சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து நேரம் வரும்படி என்டிபி அமைத்துவிட்டால் இதுவும் தீரும், பதிவில் விழும் நேரமும் சரியாக இருக்கும். ப்ரீசெட் வரை பொது ஏற்பாட்டில் வேலை செய்துவிடும். டூர், கண்ணாடித் துடைப்பான், ஆட்டோ டிராக்கிங் போன்றவை வேண்டுமானால் கேமராவும் ரெக்கார்டரும் ஒரே நிறுவனத்துடையதாக இருப்பது நல்லது.

மின்சாரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பிஓஇ சுவிட்சுகளில் பழைய வகை ஒரு முனைக்கு 15.4 வாட் தரும், அடுத்த வகை 30 வாட், 2018இல் வந்த தரம் 90 வாட் வரை. நிலையான கேமராவுக்கு முதல் வகை போதும். மோட்டாரும் தொலைவுக்கு எட்டும் அகச்சிவப்பு விளக்குகளும் உள்ள சுழலும் கேமராவுக்குப் பெரும்பாலும் போதாது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டி விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எழும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு முழுச் சுற்று சுற்றித் தன்னைச் சோதித்துக்கொண்டு, எங்கேயாவது போய் நிற்கும். அதனால் மின்சாரம் போய் வந்தபின் எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அமைத்துவிட வேண்டும். மின்தடை வழக்கமாக இருக்கும் ஊர்களில் இந்த ஒரு அமைப்பை மறந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். கம்பத்தையும் கவனிக்க வேண்டும். முழு ஜூமில் கேமரா பார்ப்பது மூன்று பாகைக்கும் குறைவு என்பதால், காற்றில் கம்பம் கால் பாகை ஆடினாலே படம் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். மெல்லிய இரும்புக் குழாயில் மாட்டிவிட்டு 25 மடங்கு ஜூமுக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. வெட்டவெளிக் கம்பத்துக்கு நல்ல எர்த்தும் சர்ஜ் அரெஸ்டரும் கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி இடியில் கேமராவோடு ரெக்கார்டரும் சேர்ந்தே போய்விடும்.

இயக்குவதில் இரண்டு அமைப்புகளைச் சொல்ல வேண்டும். கை எடுத்துக் குறிப்பிட்ட நேரம் ஆனதும் கேமரா தானாகத் தன் வீட்டு நிலைக்குத் திரும்பும்படி வைப்பது முதலாவது. யாரோ ஒருவர் மாலையில் ஜூம் செய்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போய், ராத்திரி முழுக்கக் கேமரா ஒரு மரக்கிளையைப் பதிவு செய்வது மிகச் சாதாரணமாக நடப்பது. அதைத் தடுக்கும் அமைப்பு மெனுவில் ஒரு வரிதான். இரண்டாவது, ஜூம் கூடக் கூடத் திரும்பும் வேகம் குறையும்படி வைப்பது. ஐ.பி. கேமராவில் கட்டளைக்கும் படம் திரையில் மாறுவதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும், செல்போன் வழியாக இயக்கும்போது இன்னும் கூடும். முழு ஜூமில் அந்த அரை நொடியில் ஆள் படத்தைவிட்டே போய்விடுவார். பார்ப்பவர் பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருப்புவார், மறுபடி தவறும். ஜாய்ஸ்டிக்கால் துரத்தக் காவலரைப் பழக்குவதைவிட, ப்ரீசெட் எண்களை மனப்பாடமாக வைத்திருக்கப் பழக்குவது பலன் தரும். வாசல் 1, லிஃப்ட் 2, ஜெனரேட்டர் 3 என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

பதிவின் அளவுக்கு வருவோம். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி எடுத்துக்கொள்ளும். 30 நாளுக்கு 1.3 டிபி. எச்.264, எச்.265 போன்ற சுருக்க முறைகள் முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள மாற்றத்தை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துகின்றன. நிலையான கேமராவில் சுவரும் தரையும் மாறுவதில்லை என்பதால் மிச்சம் நிறைய. கேமராவே திரும்பும்போது முழுப்படமும் மாறுகிறது, மிச்சம் குறைகிறது. வீதத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் திரும்பும் அந்த நொடிகளில் படம் கலங்கிவிடும். அதனால் சுழலும் கேமராவுக்கு வரம்பை உயர்த்தி, ஹார்ட் டிஸ்கையும் அதற்கேற்பப் பெரிதாக வைக்க வேண்டும். ஆனால் டிஸ்க் பெரிதாக இருப்பது மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாத விதத்தில் கற்றுக்கொண்டது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில், ஹார்ட் டிஸ்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டார். மெனுவில் ஒரு அமைப்பு, அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மேலே சொன்ன வீதத்தில் 18 மாதம் என்றால் ஒரு கேமராவுக்கே 23 டிபிக்கு மேல். அளவைக் கணக்கிட்டு வாங்குவதும், எத்தனை நாளில் அழிகிறது என்பதை மாதம் ஒருமுறை பழைய பதிவை ஓட்டிப் பார்த்து உறுதி செய்வதும் யாருடைய பொறுப்பு என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

பதிவு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. நகலெடுத்துக் கொடுக்கும் மின்னணுச் சான்றுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பையும் புதிய சட்டத்தின் படிவம் கேட்கிறது. திரையைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசல் பதிவை அழியவிடுவது இங்கே பெரிய இழப்பு. சம்பவம் நடந்ததும் அந்த நேரத்துப் பதிவை ரெக்கார்டரில் பூட்டி வைத்து, யூஎஸ்பி மூலம் எடுப்பதைக் காவலருக்கோ மேலாளருக்கோ முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சுழலும் கேமராவை இயக்குபவர் எதைப் பார்ப்பது என்று ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்கிறார். நிலையான கேமராவுக்கு இந்த அதிகாரம் இல்லை. பிரிட்டனில் கிளைவ் நாரிஸ், கேரி ஆம்ஸ்ட்ராங் இருவரும் 1990களில் கட்டுப்பாட்டு அறைகளில் உட்கார்ந்து 592 மணி நேரம் கவனித்தார்கள். இயக்குபவர்கள் நடத்தையைப் பார்ப்பதைவிட இளைஞர், கறுப்பர் என்று தோற்றத்தைப் பார்த்தே பலரைப் பின்தொடர்ந்ததையும், பெண்களை ரசிப்பதற்காகக் கேமரா திரும்பியதையும் பதிவு செய்தார்கள். நம் அடுக்குமாடிகளில் எதிர் பிளாக்கின் சன்னலும் பால்கனியும் கேமராவுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். கேமராவிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது: பிரைவசி மாஸ்க். சன்னல் இருக்கும் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தால், கேமரா திரும்பினாலும் ஜூம் செய்தாலும் அந்தக் கட்டம் சன்னலோடு சேர்ந்தே நகரும். குடியிருப்பில் சுழலும் கேமரா மாட்டும் எவரும் மாஸ்க் போடாமல் ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இயக்கும் உரிமையைக் குறிப்பிட்ட கணக்குகளுக்கு மட்டும் கொடுத்து, ஆளுக்கொரு கணக்காகப் பிரித்துவிட்டால் யார் எப்போது திருப்பினார் என்பது ரெக்கார்டரின் பதிவேட்டில் நிற்கும். எல்லோரும் அட்மின் கடவுச்சொல்லில் நுழையும் இடத்தில் அந்தப் பதிவேட்டுக்கு மதிப்பில்லை.

அதே கடவுச்சொல் வெளியாளுக்கும் கதவு திறக்கும். 2016இல் பரவிய மிராய் என்ற கேடுநிரல், தொழிற்சாலையில் வைத்த 60க்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டே உலகெங்கும் டிவிஆர்களுக்குள்ளும் கேமராக்களுக்குள்ளும் புகுந்தது. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்கும் கிடைக்காமல் போயின. இந்தியாவில் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களையே விற்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றுக்கு அந்த விதி உதவாது. சுழலும் கேமரா பிறர் கைக்குப் போனால் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் புகுந்தவர் அதைத் திருப்பவும் முடியும்.

இவ்வளவும் செய்வதானால் செலவு கூடாதா என்ற கேள்வி நியாயமானது. சிறிய கடைக்கும் தனி வீட்டுக்கும் என் பதில், சுழலும் கேமராவே வேண்டாம் என்பதுதான். அந்தப் பணத்தில் நாலு நிலையான கேமராவும் நல்ல ஹார்ட் டிஸ்கும் வாங்கினால் கூடுதல் காவல் கிடைக்கும். திருவிழாக் கூட்டம், கடற்கரை, துறைமுகம், பெரிய தொழிற்சாலை போன்ற இடங்கள் வேறு. அங்கே கட்டுப்பாட்டு அறையில் ஆள் இருப்பார், கூட்டத்தில் தொலைந்த குழந்தையையும் நெரிசல் தொடங்கும் இடத்தையும் அவர் கண்டுபிடிக்க ஜூம் தேவை. அப்படிப்பட்ட இடத்தில் வாங்குகிறவர் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யட்டும். இருட்டிய பிறகு ஒவ்வொரு ப்ரீசெட்டிலும் ஓர் ஆளை நிறுத்திப் பதிவில் முகம் தெரிகிறதா என்று பார்க்கலாம். கேமராவை வேண்டுமென்றே வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, குறித்த நேரத்தில் அது தன் நிலைக்குத் திரும்புகிறதா என்று கவனிக்கலாம். மின்சாரத்தை நிறுத்திப் போட்டு அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கலாம். மூன்றிலும் தேறினால் கையெழுத்துப் போடலாம். தேறாவிட்டால் மாட்டியவர் அங்கே இருக்கும்போதே மெனுவைத் திறக்கச் சொல்லலாம்.